புத்தரை மறைத்துவிட்டால் பொதுப் பத்திரிகை ஆகிவிடுமா?

குன்னூரில் சிறு பத்திரிகைகளுக்குப் பக்கம் கட்டுவதும் மெய்ப்பு பார்ப்பதும்தான் என் தொழில். பௌத்த அமைப்புகள் நடத்தும் இதழ்களும் அவற்றில் உண்டு. "எல்லாரும் படிக்கிற மாதிரி மாத்திக் கொடுங்க சார்" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் கடைசியாக வந்த இதழின் முதல் பக்கத் தலைப்பைப் பாருங்கள்: 'தினமும் தியானம் செய்தால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம்'. பெயருக்குப் பக்கத்தில் இருந்த பௌத்தச் சின்னமான தம்மச் சக்கரத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ராசிபலன். இதை அச்சுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

பொது வாசகர் வேண்டுமென்றால் புத்தர் பெயரைக் குறைக்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மதச்சார்பில்லாத வாசகருக்கு மதத்தின் பெயரைப் பார்த்தாலே ஒவ்வாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவர் பத்திரிகையைக் கீழே வைப்பதற்குக் காரணம் வேறு: அதில் அவருக்கு உதவுகிற சேதி ஒன்றுமே இல்லை. விழாவுக்கு யார் தலைமை தாங்கினார், யார் பொன்னாடை போர்த்தினார், யார் நன்றி சொன்னார் என்பதைப் பௌத்தரே படிப்பதில்லை. அந்தக் குறையைச் சரிசெய்யாமல் சக்கரத்தை எடுத்து என்ன பயன்? எடுத்த இடத்தில் உடல்நலக் குறிப்பையும் ராசிபலனையும் வைத்தால், எந்தக் கடையிலும் கிடைக்கிற வார இதழ்தான் மிஞ்சும். ராசிபலன் கூடுதல் கொடுமை. சோதிடம் சொல்லிப் பிழைப்பது துறவிக்குத் தகாத தொழில் என்று தீக நிகாயம் என்ற பௌத்த நூல்தொகுப்பின் முதல் உரையான பிரம்மஜால சுத்தத்திலேயே ('சுத்தம்' என்றால் புத்தரின் உரை) இருக்கிறது.

இதற்கு வழி தேடி வெளியூர் போக வேண்டாம். தமிழ்ப் பௌத்தத்தை மீட்டெடுத்த அயோத்திதாசர் இந்த நீலகிரியில் வாழ்ந்தவர். 1891-இல் அவருடைய திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியதும் இங்கேதான். 1907 ஜூன் 19-இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அவர் கொண்டுவந்த வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். விலையையே பெயராக வைத்தார், கூலிக்காரர் கையிலும் போய்ச் சேரட்டும் என்று. மறுவருடம் வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் 'தமிழன்' என்று பெயர் மாறியது. புத்தரைப் பற்றி அவர் எழுதிய 'புத்தரது ஆதிவேதம்' தொடராக வந்த அதே தாளில்தான் அரசியல், விவசாயம், மருத்துவம், வாசகர் கேள்விக்குப் பதில் எல்லாம் வந்தன. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒடுக்கப்பட்டவர்கள் தங்களை என்னவென்று பதிவது என்பதையும் அது எழுதியது. கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று தமிழர் உழைக்கப் போன ஊர்களிலெல்லாம் அதற்கு வாசகர் இருந்தார்கள். புத்தரை அவர் எங்கேயும் ஒளித்து வைக்கவில்லை. "அவரும் வைத்தியம் எழுதினாரே" என்று சிலர் என்னிடம் வாதம் செய்கிறார்கள். ஐயா, அவர் முறையாகக் கற்ற சித்த மருத்துவர். வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்துப் போட்டவரில்லை.

அம்பேத்கர் 1930-இல் தொடங்கிய 'ஜனதா' உழைக்கும் மக்களின் பொதுப் பிரச்சினைகளை எழுதிய இதழ். 1956-இல், அவர் பௌத்த தம்மம் ஏற்ற அதே வருடம், அதற்கு 'பிரபுத்த பாரத்' (விழிப்புற்ற பாரதம்) என்று பெயர் மாற்றினார். பௌத்தப் பெயர் வாசகரை விரட்டிவிடும் என்று அவர் பயந்ததாகத் தெரியவில்லை. ஜப்பானில் 1897-இல் கியோட்டோவில் பிறந்த 'சூகாய் நிப்போ' எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாமல் நின்றதால்தான் எல்லா மதச் செய்திகளுக்குமான பத்திரிகையாக வளர முடிந்தது. சோகா கக்காய் என்ற ஜப்பானியப் பௌத்த அமைப்பு நடத்தும் 'செய்க்கியோ ஷிம்புன்' ஓர் அமைப்பின் நாளிதழ்தான். அதிலும் உடல்நலம், பண்பாடு, படக்கதை எல்லாம் உண்டு; யாருடைய பத்திரிகை என்பதையும் மறைப்பதில்லை. வட அமெரிக்காவில் ஒரு பௌத்தக் குழுவின் உள்வட்டச் செய்தித்தாளாக 1978-இல் தொடங்கியது, பெயர் மாறி மாறி 2016-இல் 'லயன்ஸ் ரோர்' ஆனது. புத்தர் இன்னும் அதன் அட்டையில் இருக்கிறார்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஒரு வைகாசிப் பௌர்ணமி விழாச் செய்தி திருத்த வந்தது. முழுக்கப் பெயர்ப் பட்டியல். கிட்டத்தட்ட கடைசிப் பத்தியில், விழாவில் பேசிய வழக்கறிஞர் ஒருவர் 'பௌத்தம் தழுவினால் சாதிச் சான்றிதழ் போய்விடுமா' என்ற கேள்விக்குப் பதில் சொன்னதாக ஒரே ஒரு வரி. அதுதானே செய்தி! பட்டியல் சாதியிலிருந்து பௌத்தரானவர்களுக்கும் அந்தத் தகுதி உண்டு என்று 1990-இல் சட்டம் திருத்தப்பட்டது. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்து நிற்கிற ஒரு அம்மாவுக்கு இது தெரிய வேண்டாமா? அந்த வரியைத் தலைப்பாக்கி, கேள்வி பதிலாக விரித்து, பொன்னாடைகளை ஒரு படத்தோடு முடித்துவிட்டோம். கோத்தகிரிப் பக்கம் போகிற இதழில் பச்சைத் தேயிலை விலைக்கும் ஒரு பெட்டி கட்டுங்கள். சிறு விவசாயி முதலில் அதைத்தான் தேடுவார். அப்புறம் பக்கத்துப் பத்தியில் இருக்கிற தம்மபதத்தையும் படிப்பார்.

உடல்நலம் எழுதினால் மருத்துவரிடம் காட்டாமல் ஒரு வரியும் அச்சேறக் கூடாது. தியானம் மனதை அமைதிப்படுத்தும் என்று எழுதுங்கள், தாராளமாக. மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். பத்திரிகையில் வந்ததென்றால் அப்படியே நம்புகிற பெரியவர்கள் ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும் இருக்கிறார்கள். விளம்பரத்திலும் கவனம் வேண்டும். சர்க்கரை நோயையும் ரத்த அழுத்தத்தையும் குணமாக்குவதாக மருந்தோ மந்திரமோ விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வெளியிடுகிறவரும் மாட்டுவார்.

புத்தர் சொன்னதாக எதைப் போட்டாலும் எந்தச் சுத்தம் என்று எழுதுங்கள். இல்லையென்றால் போடாதீர்கள். 'உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் நம்பு' என்று காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்னதாக ஒரு வாசகம் சுற்றுகிறது. அங்குத்தர நிகாயம் என்ற தொகுப்பில் அந்தச் சுத்தத்தை எடுத்துப் படியுங்கள். வெறும் தர்க்கத்தையும் ஊகத்தையும் மட்டுமே வைத்து ஏற்காதீர்கள் என்றுதான் அங்கே இருக்கிறது. தீங்கு தருமா, சான்றோர் பழிப்பார்களா என்று பார்த்து விடச் சொல்கிறது. பகுத்தறிவாளர் கண்ணில் இந்தப் பிழை பட்டால், அடுத்த இதழை அவர் தொடவே மாட்டார்.

இதழை வெளியிடுவது யார் என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். 2023-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துவிட்டு அப்புறம் சந்தா வாங்குங்கள். மலைக்கு அனுப்பும் பிரதிகளைப் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், நீலகிரியில் தடை இருக்கிறது. பழுப்புத் தாளில் சுற்றி முகவரி ஒட்டினால் போதும்.