பைன் பலகை மருந்தைக் குடிக்க மறுப்பது ஏன்?

திருகோணமலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: மரக்காலையில் ஒன்றாக வாங்கிய பைன் பலகைகளுக்கு ஒரே கறையான் மருந்தைத்தான் பூசினோம். ஒன்று பூசப் பூச இழுக்கிறது, மற்றதில் வழிந்தோடுகிறது. ஏன்?

முதிரை, பாலை போன்றவற்றில் நீர் ஓட நீண்ட கலன்கள் உண்டு. பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களில் அவை இல்லை. கனவளவில் சுமார் 90 வீதம் குழற்போலிகள் எனும் நுண்குழாய்கள்தான். 2 முதல் 5 மில்லிமீற்றர் நீளம், அதில் நூறில் ஒரு பங்கு அகலம், இரு நுனியும் அடைப்பு. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகப் பக்கச் சுவரிலுள்ள விளிம்புக் குழிகளே வழி.

அந்தக் குழியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரு புறமும் குவிந்த சுவர், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துவாரம். இடையில், உறியில் சட்டி தொங்குவதுபோல், செலுலோசு இழைகளின் நடுவே டோரஸ் என்ற தடித்த வட்டத்தட்டு. நீர் போவது இழைகளின் இடைவெளியால். தட்டு நீரை விடாது. தட்டு துவாரத்தைவிடச் சற்றுப் பெரிது, சூட்சுமம் அதில்தான். உயிருள்ள மரத்தில் ஒரு குழற்போலிக்குள் காற்று புகுந்தால், பக்கத்து நீரின் இழுவை தட்டைத் துவாரத்தோடு சேர்த்து அடைத்துவிடும். காற்று அதற்கப்பால் பரவாது. எவ்வளவு அழகான வால்வு!

வெட்டிய மரம் காயும்போதும் இதே வால்வு மூடுகிறது. பின்வாங்கும் நீரின் பரப்பிழுவிசை தட்டை இழுக்கிறது, ஐதரசன் பிணைப்பு அதை ஒட்டிப் பிடிக்கிறது. மறுபடி நனைத்தாலும் இலகுவில் திறவாது. ஆய்வுகூடத்தில் நீருக்குப் பதிலாக அசற்றோனை ஏற்றி உலர்த்தினால் பெரும்பாலான குழிகள் திறந்தே நிற்கும்.

ஆண்டு வளையத்தின் கருத்த பகுதியில் சுவர் தடிப்பு, இழைகளும் விறைப்பு. தட்டு அவ்வளவாக அசையாது. அதனால் காய்ந்த பைனை மருந்தூட்டி அறுத்துப் பார்த்தால், மென்மையான வெளிர்ப் பகுதியைவிடக் கடினமான கருங்கோட்டில் மருந்து ஆழமாகப் போயிருப்பதைக் காணலாம்.

மரத்தின் நடுப்பகுதியான வைரத்தில் குழிகள் மூடியதோடு பிசினும் படிந்திருக்கும். ஸ்புரூஸில் வைரத்தைச் சூழ்ந்த வெளிறுகூடக் காய்ந்தபின் மருந்தை ஏற்காது. பைனில் நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் ஆரைக் கதிர்களிலுள்ள பெரிய குழிகள் அதற்கு இல்லை. ஆகவே வாசகரின் இரண்டாவது பலகை வைரமாகவோ, பைன் என்று விற்கப்பட்ட ஸ்புரூஸாகவோ இருக்க வேண்டும். வெட்டிய நாள் வளர்பிறையா தேய்பிறையா என்று விசாரிப்பதை விட்டு, வெளிறா வைரமா என்று பாருங்கள்.

தூரிகையால் பூசுவது பக்கவாட்டில் ஓரிரு மில்லிமீற்றரே இறங்கும். நார்ப்போக்கில் அதைவிடப் பல மடங்கு போகும். எனவே அறுத்து, துளையிட்டு முடித்த பிறகே மருந்திடுங்கள். வெட்டுமுனைகளை வாளியில் ஊற விடுங்கள். மாரி மழையில் ஊறிய பலகைக்கு எண்ணெய் மருந்து பூசினால் வீண், குழற்போலிக்குள் இடமே இருக்காது. மலைநாட்டுப் பைனைப் பச்சையாக வாங்கினால் போரன் கரைசலில் தோய்த்து, பொலித்தீனால் மூடிச் சில வாரம் அடுக்கி வையுங்கள். போரன் சுவரிலுள்ள நீர் வழியே பரவுவதால் குழி மூடியிருந்தாலும் உள்ளே போகும். மழையில் கரைந்துவிடும் என்பதால் அந்தப் பலகை கூரைக்குக் கீழே மட்டும்.