கேஸ்ட்ரிக் மருந்து வருஷக்கணக்கில் ஓடுகிறதா?

கோலாலம்பூர் செந்தூலில் நான் வேலை செய்யும் பார்மசிக்கு லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வருவார். வாங்குவது எப்போதும் இரண்டுதான்: வயிற்றெரிச்சலுக்கு வெள்ளைத் தண்ணி மருந்து, முழங்கால் வலிக்கு டைக்குளோஃபினாக். "நேரத்துக்குச் சாப்பிடறதில்லம்மா, அதான் கேஸ்ட்ரிக்" என்பார்.

பசியோடு கிடந்தாலும் மிளகாய் தின்றாலும் எரிச்சல் கூடலாம். ஆனால் குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, மற்றது அவர் கையிலிருந்த வலி மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றே மருத்துவ உலகம் நெடுநாள் நம்பியது. 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டியும் பலர் ஏற்கவில்லை. மார்ஷல் 1984-இல் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. மலேசிய ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இது அதிகம். அதனால் நம் வீடுகளில் "பரம்பரை கேஸ்ட்ரிக்" என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கிளினிக்கில் மூச்சுப் பரிசோதனை கேளுங்கள். யூரியா கலந்த நீரைக் குடித்து, சற்று நேரம் கழித்துப் பையில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் யூரியாவை உடைக்கும், அதன் தடயம் மூச்சில் தெரியும். அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரையை இரண்டு வாரம், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற கிருமியும் இல்லை என்று வரலாம்.

சிகிச்சை வழக்கமாக 14 நாள்: அமிலம் குறைக்கும் மாத்திரையும் குறைந்தது இரண்டு ஆன்டிபயாட்டிக்கும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் தின்றால் இரும்பை நக்கியதுபோல் வாய் கசக்கலாம். நாலைந்து நாளில் எரிச்சல் அடங்கிவிடும், நம்மாட்கள் அத்தோடு நிறுத்திவிட்டு மிச்சத்தைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடுவார்கள்! தப்பிய கிருமி மருந்துக்கு அடங்காமல் போனால் அடுத்த முறை வேறு மருந்து தேட வேண்டியதுதான். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் பீர் வேண்டாம்.

மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து மறுபடி ஊதிப் பாருங்கள். வலி போனது கிருமி போனதற்குச் சாட்சியல்ல.

பிஸ்மத் என்ற வயிற்று மருந்தோ இரும்புச்சத்து மாத்திரையோ எடுப்பவருக்கு மலம் கருக்கும், பயமில்லை. எதுவும் எடுக்காமலே தார்போல் கருத்து ஒட்டினால், அல்லது ரத்தமாக வாந்தி எடுத்தால், பார்மசிப் பக்கம் வராமல் நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.