வெப்ப சிகிச்சையாம், கம்பிக்கு!

"வெப்ப சிகிச்சை அளிக்கப்பட்ட நிக்கல்-டைட்டானியம் கம்பி." பல்லுக்கு கிளிப் போடுவது பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் இந்தத் தொடர் வந்து நிற்கிறது. அதுவும் பல் மருத்துவக் கட்டுரையில்! ஈறில் சூடு வைக்கப் போகிறார்கள் என்றுதானே படிக்கிறவர் பயப்படுவார்? சூடு கம்பிக்கு, அதுவும் வாய்க்குள் வருவதற்கு வெகு முன்பே, ஆலையில்.

ஆங்கிலத்தில் இது ஹீட் ட்ரீட்மென்ட். ட்ரீட்மென்ட் லத்தீன் வேரிலிருந்து வந்தது, அடிப்படைப் பொருள் கையாளுதல். மருத்துவம் அதில் ஒரு கிளை. சிகிச்சை வடசொல், நோய் தீர்ப்பதுதான் அதன் வேலை. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

கம்பிக்கு என்னதான் நடக்கிறது? பல்வரிசை வளைவில் பிடித்து வைத்து ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் சுடுகிறார்கள், அந்த வளைவே அதன் நினைவாகிவிடுகிறது. நிக்கல் சற்றுக் கூடுதலான கலவையை 400-500 டிகிரியில் இன்னும் நேரம் வைத்தால் நிக்கல் மிகுந்த நுண்துகள்கள் கம்பிக்குள்ளேயே பிரியும், கம்பி எந்த வெப்பநிலையில் விறைப்பாகிறதோ அது உயரும். செம்பு சேர்த்த கம்பிகள் 27, 35, 40 டிகிரி என்று தனித்தனியாக விற்பது இந்த வெப்பநிலையைக் குறித்துத்தான். 40 டிகிரிக் கம்பி சூடாகக் காபி குடித்தால்தான் முழு வீச்சில் இழுக்கும். ஆக, சூடும் நேரமும் பார்த்து இறக்க வேண்டிய வேலை. பாகு காய்ச்சுகிறவர்கள் இதைப் பதம் என்பார்கள்.

அதனால் வெப்பப் பதப்படுத்தல் என்றே சொல்லலாம். அப்படிச் சொன்னால் கருவாடு ஞாபகம் வருகிறது என்கிறார்கள் சிலர். வரட்டுமே! தோல் பதனிடுதல் என்கிறோம், கழிவுநீர் சுத்திகரிப்பு என்கிறோம், வேளாண் துறைக்காரர்கள் அழகாக விதை நேர்த்தி என்றார்கள். கழிவுநீருக்கும் விதைக்கும் யாராவது சிகிச்சை பார்த்தார்களா? பொருளுக்கேற்ப வினையைத் தேர்ந்தவர்கள் அவர்கள், அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள். வெப்ப நேர்த்தி என்று சொல்லிப் பார்க்கலாம்தான், ஆனால் பளபளப்பாக்கியதுபோல் ஒலிக்கிறது. கொல்லர்களின் தோய்ச்சல் அருமையான சொல், இருந்தாலும் அது காய்ச்சித் தண்ணீரில் முக்குவதை மட்டும் குறிக்கும், எல்லாச் சூட்டு வேலைக்கும் ஆகாது. இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் இந்தக் கம்பியைப் போல் பழைய வடிவுக்குத் திரும்பும் உருநினைவுக் கலவையை "நினைவாற்றல் உலோகம்" ஆக்கி, ஏதோ வல்லாரை சாப்பிட்டதுபோல் எழுதுகிறார்கள்.

இன்னொன்று. பல் மருத்துவர் சில நேரம் கம்பியின் நுனியை மட்டும் தீயில் காட்டிப் பழுக்க வைப்பார், அந்த இடம் மீள்தன்மை போய்த் தொய்ந்துவிடும், கடைவாய்ப்பல்லில் பொருத்திய, கம்பி நுழையும் சிறு குழாய்க்குப் பின்னால் மடக்க வசதி. நுனியில் பதம் கெட்டுவிட்டது என்றால் யாருக்கும் புரியும். சிகிச்சை கெட்டுவிட்டது என்று எழுதிப் பாருங்கள்.