கறுப்பு எவ்வளவு கறுப்பு?

"புது மானிட்டர் வாங்கணும். படம் பார்ப்பேன், கேம் ஆடுவேன், மற்ற நேரமெல்லாம் வேலை. ஐபிஎஸ்ஸா, விஏவா, ஓஎல்இடியா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மூன்றும் திரை வகைகள்; முதல் இரண்டும் எல்சிடி, அதாவது திரவப் படிகத் திரை. ஒரே வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் உள்ளே நடக்கிற கூத்தைச் சொல்ல இப்படியொரு சாக்கு கிடைப்பது அபூர்வம்.

முதலில் அளவு. 24 அங்குலத்துக்கு 1920×1080 புள்ளிகள் போதும். அதையே 27 அங்குலத்தில் பரப்பினால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிகள்தான் வரும். எழுத்தின் ஓரமெல்லாம் பல் பல்லாகத் தெரியும். 27க்கு 2560×1440 எடுங்கள். 4கே இன்னும் அழகு, ஆனால் கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு மூச்சு வாங்கும். சரி, அளவு முடிந்தது.

இப்போது ஒரு வேடிக்கை. போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால், சாதாரண எல்சிடி மானிட்டரில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, கண்ணாடியை அதன் முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்த நிலையிலேயே, நடுவில் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை நீட்டுங்கள். ஒன்றுமில்லாத ஸ்கேலில் வானவில் ஓடும்! மானிட்டரின் மொத்த சூட்சுமமும் இந்த விளையாட்டில் இருக்கிறது.

விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. போலராய்டு தாள் ஒரு திசை அதிர்வை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விழுங்கிவிடும். அதன்மேல் இன்னொரு தாளை 90 பாகை திருப்பி வைத்தால், தப்பி வந்ததும் அங்கே மாட்டிக்கொள்ளும். இருட்டு. எல்சிடியின் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக வைத்த இரண்டு தாள்களுக்கு நடுவேதான் இருக்கிறது. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அப்புறம் வெளிச்சம் எப்படி வெளியே வருகிறது?

அந்த ஸ்கேலைப் போல, நடுவில் இருக்கும் திரவப் படிகம் அதிர்வைத் திருப்பி வழி காட்டுகிறது. அதன் மூலக்கூறுகள் குச்சி குச்சியானவை. திரவம்போல நழுவும், ஆனாலும் படிகம்போல ஒரே பக்கம் தலைவைத்துப் படுக்கும். எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு எப்படிச் சொல்வது? கண்ணாடியின் உட்புறம் பூசிய மெல்லிய படலத்தை வெல்வெட் துணி சுற்றிய உருளையால் ஒரே திசையில் தேய்ப்பார்கள். அவ்வளவுதான்! தேய்த்த திசையில் குச்சிகள் படுத்துக்கொள்ளும். (புறஊதா ஒளியால் இதையே செய்யும் முறையும் வந்துவிட்டது. எனக்கென்னவோ துணியால் துடைப்பதுதான் பிடித்திருக்கிறது.) எதிர்க் கண்ணாடியைக் குறுக்காகத் தேய்த்துவிட்டால், இடையிலுள்ள குச்சிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிச் சுழல் படிக்கட்டாக அடுக்கிக்கொள்ளும். படிக்கட்டின் உயரம் நாலைந்து மைக்ரோமீட்டர்; தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒளியின் அதிர்வு அந்தப் படியிலேயே திரும்பித் திரும்பி வந்து, 90 பாகை மாறி, இரண்டாவது தாளைச் சுலபமாகக் கடந்துவிடும். மின்னழுத்தம் கொடுத்தால் குச்சிகள் எழுந்து நிற்கும், படிக்கட்டு கலையும், வழி அடைபடும். அரைகுறையாக எழுந்தால் சாம்பல் நிறம். இது டிஎன் என்கிற பழைய வகை.

இந்தப் பொருளை முதலில் கவனித்தவர் மின்னணுப் பொறியாளர் அல்ல, தாவரவியலாளர். 1888இல் பிராக் நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலை ஆராய்ந்தபோது, அதன் சேர்மம் ஒன்று இரண்டு முறை உருகுவதைக் கண்டார்: 145.5 டிகிரியில் கலங்கலாக, 178.5இல் தெளிவாக. அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். அது திரைக்கு வர இன்னும் 80 ஆண்டுகள் ஆயின. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று விண்ணப்பத்தில் கட்டம் போட்டுக் கேட்டுத்தான் நிதி தருவோம் என்கிறவர்கள் அவருக்குச் சல்லிக்காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஐபிஎஸ்ஸில் குச்சிகள் எழுவதே இல்லை, படுத்தபடியே புரளும். அதனால்தான் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறுவதில்லை. விஏ நேரெதிர்: மின்னழுத்தம் இல்லாதபோது எல்லாம் செங்குத்தாக நிற்கும். நிற்கும் குச்சியின் நீளவாக்கில் நேராகப் போகும் ஒளி அதைக் கண்டுகொள்வதே இல்லை. திரும்பாமல் போய் இரண்டாவது தாளில் முட்டிக்கொள்ளும். ஆகவே கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும். வெள்ளைக்கும் கறுப்புக்குமான விகிதம் ஐபிஎஸ்ஸில் பொதுவாக 1000க்கு 1, விஏவில் 3000க்கு 1 அளவில். பகலில் இரண்டும் ஒன்றுதான். விளக்கணைத்துப் படம் பார்க்கும்போது ஐபிஎஸ்ஸின் இரவுக் காட்சி சாம்பல் பூத்துக் கிடக்கும்.

அப்படியானால் விஏதானே? நானும் அப்படி நினைத்துத்தான் ஒன்று வாங்கினேன். குகைக்குள் ஓடும் கேம் ஒன்றில், தூண்களெல்லாம் ஈரம் காயாத மையைக் கையால் இழுத்ததுபோல நகர்ந்தன. குச்சிகளைத் தள்ளுவது மின்னழுத்தம். கறுப்பிலிருந்து கொஞ்சமே வெளுத்த கறுப்புக்குப் போகச் சின்ன அழுத்தம் போதும். சின்ன அழுத்தமென்றால் தள்ளலும் சோம்பலாகத்தான் இருக்கும். 144 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது விநாடிக்கு 144 முறை படம் மாற்றும் திரையில், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரமே 6.9 மில்லி விநாடி. குச்சி திரும்பி முடிப்பதற்குள் அடுத்த படம் வந்து நிற்கும்.

ஹெர்ட்ஸ் கேமுக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். சினிமா விநாடிக்கு 24 படம். 60 ஹெர்ட்ஸில் 24 சரியாக வகுபடாது. ஒரு படத்தை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை என்று காட்ட வேண்டும். கேமரா மெதுவாக நகரும் காட்சியில் அந்த நொண்டல் தெரியும். 120இல் ஐந்தைந்து, 144இல் ஆறாறு. கணக்கு தீர்ந்தது.

ஓஎல்இடியில் தாளும் குச்சியும் வைத்து ஒளியை மறிக்கும் வேலையே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு, அணைத்தால் அணைந்ததுதான். வேகமும் அபாரம். ஆனால் நாள் முழுக்க ஒரே டாஸ்க்பார் அசையாமல் நின்றால், அந்தப் புள்ளிகள் சீக்கிரம் தேய்ந்து தழும்பு விழலாம். எட்டு மணி நேரம் எக்ஸெல் பார்க்கிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கண்ணுக்கு நல்லது என்று நீல ஒளியைத் தடுக்கும் மூக்குக் கண்ணாடியையும் சேர்த்து விற்பார்கள். 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கண் சோர்வைக் குறைப்பதில் அது சாதாரணக் கண்ணாடியைவிட மேல் என்று காட்டச் சான்று கிடைக்கவில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. காசு மிச்சம், இமையுங்கள்.

கேட்ட வாசகருக்கு: வேலைதான் அதிகம் என்றால் 120 ஹெர்ட்ஸுக்குக் குறையாத ஐபிஎஸ். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பதுதான் பிரதானம் என்றால் விஏ. வந்ததும் அறையை இருட்டாக்கி, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து நாலு மூலையையும் பாருங்கள். மூலையில் வெளிச்சம் கசிந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் மாற்றிவிடலாம். ஒன்று மட்டும்: அதைப் போனில் படமெடுத்துப் பார்த்துப் பயப்படாதீர்கள். இருட்டில் போன் கேமரா எல்லாவற்றையும் வெளிச்சமாக்கித்தான் காட்டும்.