காந்தம் ஒட்டினால் போலியா?

இந்த மாதம் இது மூன்றாவது. பினாங்கில் நிபோங் திபால் பக்கமிருந்து ஓர் இறால் பண்ணையின் கடல்நீர்ப் பம்ப், பிறையில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரத்தை, கழுவிப் பார்த்தால் மேலெல்லாம் பளபளப்பு. நட்டுக்கு அடியில் மட்டும் குண்டூசி முனை அளவில் நாலைந்து துளைகள். ஒன்றில் கம்பியை விட்டேன், மறுபக்கம் வந்துவிட்டது.

போன வருஷமே இவர்களுக்கு டூப்ளெக்ஸ் என்ற எவர்சில்வர் வகையில் செய்த இம்பெல்லர்தான் எழுதிக் கொடுத்தேன். சரக்கு வந்ததும் மேனேஜர் காந்தத்தை வைத்திருக்கிறார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "அண்ணே, இது வெறும் இரும்பு, ஏமாத்திட்டான்" என்று திருப்பி அனுப்பிவிட்டு, காந்தம் ஒட்டாத 304 ரக எவர்சில்வரை வாங்கி மாட்டிவிட்டார்.

எவர்சில்வர் குடம் வாங்கும்போது அம்மா செய்த சோதனை அது. பம்புக்கு உதவாது. சாதாரணமாக 304-லும் காந்தம் ஒட்டாது, இன்னொரு ரகமான 316-லும் ஒட்டாது. இரண்டையும் பிரிப்பது முக்கியமாக 316-ல் இருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் என்ற, உப்பு அரிப்பைத் தடுக்க உதவும் உலோகம். அது காந்தத்துக்கு எங்கே தெரியும்? வளைத்து இழுத்த 304-ல் லேசாக ஒட்டும். வார்த்தெடுத்த 316-லும் லேசாக ஒட்டும். விரிசல் விடாமலிருக்க வார்ப்படக்காரர்கள் காந்தம் ஒட்டும் இரும்பு அமைப்பான ஃபெரைட்டைக் கொஞ்சம் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். டூப்ளெக்ஸோ ஏறக்குறையப் பாதி ஃபெரைட். அதில் ஒட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்!

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. அங்கே 304-க்கு வேலையே இல்லை. 316 ஓடும்வரை ஒப்பேற்றும்; பம்பை நிறுத்தி நீரைத் தேங்கவிட்டால் இடுக்கில் அரிப்பு தொடங்கிவிடும். டூப்ளெக்ஸில் 2205 ரகம் இவற்றைவிட எவ்வளவோ மேல். நம் வெதுவெதுப்பான கடலுக்கு, கையில் காசிருந்தால், அதைவிட உயர்ந்த டூப்ளெக்ஸான 2507 போடுங்கள்.

உலோகத்தை உருக்கிய ஆலை தரும் மில் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) பொருளிலும் இருக்கிறதா பாருங்கள். சந்தேகமா, எக்ஸ்ரே கன் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள், சில நொடியில் மாலிப்டினம் எவ்வளவு என்று காட்டிவிடும். (கார்பனைக் காட்டாது. 316-ஆ, கார்பன் குறைந்த 316எல்-ஆ என்று அதை வைத்துச் சண்டைக்கு வராதீர்கள்.) நல்ல இம்பெல்லரில் 304 நட்டைப் போடாதீர்கள். நிறுத்தும்போதெல்லாம் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

திருப்பி அனுப்பிய அந்த டூப்ளெக்ஸ் இம்பெல்லரைக் கேட்டுப் பார்த்தோம். வேறு யாருக்கோ விற்றுவிட்டார்களாம். புதிதாக வார்த்து வர எட்டு வாரம்.