ஆணிடம் ஏது கரு?

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் ஏர்மாடு வாங்க வருகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். விலை பேசுவதற்கு முன் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: "காயடித்ததா?" அந்தக் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் துணை சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டார்.

நவம்பர் கடைசி. ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை, ஆண்களுக்கான கருத்தடை அறுவையான வாசெக்டமிக்கு என்று இருவாரம் நடக்கும். கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கும் என் சித்தி மகள் பத்துப் பதினைந்து ஆண்களைத் திரட்டி வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தாள். "ஏம்மா, இதுவும் காயடிப்பதும் ஒன்றுதானே?" என்றார் பெரியவர். சிரிப்பு அடங்குவதற்குள், ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் பையன் ஒருவன் கைப்பேசியை நீட்டினான். "அக்கா, ஆண்களுக்கும் ஹார்மோன் கருத்தடை வரப்போகிறதாமே? ஊசியாம், தோளில் பூசும் களிம்பாம்." அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்கள் தமிழ் வாத்தியார்தானே? ஆணிடம் ஏது கரு? கருத்தடைக்கு ஆண்பால் என்ன, சொல்லுங்கள்."

அங்கே நான் சொன்னது கொஞ்சம். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டியபின் சேர்ந்ததுதான் அதிகம்.

கரு என்பது தமிழில் வேலை மிகுந்த சொல். முட்டைக்குள் இருப்பது கரு, கதைக்குள் இருப்பது கரு, தொல்காப்பியத்தில் ஒரு நிலத்துக்கு உரிய தெய்வமும் உணவும் விலங்கும் பறையும் கருப்பொருள். உள்ளே இருந்து பின்னால் வடிவெடுக்கப் போவது எதுவோ அதுவே கரு என்று பொதுவாகச் சொல்லலாம். கருத்தடை என்றால் அந்தக் கரு உருவாகாமல் தடுப்பது. உருவான கருவை நீக்குவது கருக்கலைப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு. (ஒரு மாணவன் கருத்தடையைக் 'கருத்து + அடை' என்று பிரித்து எழுதியிருந்தான். புணர்ச்சி விதிப்படி அவனைத் தவறென்று சொல்ல வழியே இல்லை.)

ஆகக் கருத்தடை என்ற சொல்லின் நடுவில் பெண்ணின் கருப்பை உட்கார்ந்திருக்கிறது. சொல் மட்டுமா? 1952இல் அரசுத் திட்டமாக வந்த 'குடும்பக் கட்டுப்பாடு', எங்கள் பக்கத்துப் பேச்சில் சீக்கிரமே பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷனின் பெயராகிவிட்டது. "அவள் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கொண்டாள்" என்பார்கள். அவன் பண்ணிக்கொண்டான் என்று கேட்பது அரிது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களை வற்புறுத்திச் செய்த அறுவைகளால் அந்தப் பெயர் கெட்டுப்போக, 1977இல் அரசு அதைக் 'குடும்ப நலம்' என்று மாற்றியது. பெயர் மாறியது, சுமை தோள் மாறவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் தாங்கள் அறுவை செய்துகொண்டவர்கள்; கணவர் செய்துகொண்டவர் என்று சொன்னவர்கள் 0.3 விழுக்காடு.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். விரை என்ற சொல்லுக்குத் தமிழில் விதை என்றும் பொருள், ஆணின் அந்த உறுப்பு என்றும் பொருள். விரை நெல் என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் கன்னடம் பேசுகிறவர்களுக்கும் பீஜ என்றால் இரண்டும்தான். ஸ்பெர்ம் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் விதை என்றே பொருள். உழுகிறவன் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறான். காய் என்பது அதற்கே மாட்டுக்காரர் வைத்த பெயர். காயடிப்பதில், விரைக்குப் போகும் நரம்பையும் ரத்தக் குழாயையும் சேர்த்து இடுக்கியால் நசுக்கிவிடுவார்கள். ரத்தம் போகாத விரை சுருங்கிப்போகும். அதோடு காளையின் முரட்டுத்தனமும் போகும். பெரியவரின் பயம் அங்கேதான் இருக்கிறது.

வாசெக்டமியில் விரையைத் தொடுவதே இல்லை. வாஸ் என்ற லத்தீன் சொல்லுக்குப் பாத்திரம், குழாய் என்று பொருள். எக்டமி என்பது வெட்டி நீக்குவது. விந்தணு வரும் குழாயை மட்டும் வெட்டி அடைக்கிறார்கள். 1974இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் கண்டுபிடித்த முறையில் கத்தி கூட வேண்டாம். சிறு துளை போதும். "அப்படியானால் ஆண்மை போகாதா?" என்று பெரியவர் விடாமல் கேட்டார். விடை பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஒரு சொல்லாகவே இருக்கிறது: நாளமில்லாச் சுரப்பி. நாளம் என்றால் குழாய். ஹார்மோனைச் சுரக்கும் சுரப்பிக்குக் குழாய் கிடையாது. சுரந்ததை நேராக ரத்தத்தில் விடுகிறது. நாளமே இல்லாததன் வேலையை நாளத்தை வெட்டி எப்படி நிறுத்த முடியும்? மீசை, குரல், ஆசை எதுவும் அந்தக் குழாய் வழியாகப் போகவில்லை. இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் யாரோ, அவருக்கு ஒரு மாலை போடலாம்.

ஹார்மோன் என்ற சொல்லுக்கு மட்டும் அப்படி ஒரு அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1905 ஜூனில் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதைப் பயன்படுத்தினார். கிரேக்கத்தில் 'தூண்டுகிறேன், விரைவுபடுத்துகிறேன்' என்ற வினையிலிருந்து எடுத்தது. (நம் விரைக்கும் விரைவுக்கும் ஒலி ஒத்துப்போவது தற்செயல். அதை வைத்து யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.) தமிழில் இயக்குநீர், சுரப்புநீர், வளரூக்கி என்றெல்லாம் ஆக்கினார்கள். இயக்கு சரி, நீர்தான் எனக்கு இடிக்கிறது. ஹார்மோன் ஒரு வேதிப்பொருள்; மாத்திரையாகவும் வருகிறது. 'இயக்குநீர் மாத்திரை' என்று எழுதினால் கையில் நீரா மாத்திரையா என்று கேட்பார்கள். வளரூக்கியோ வளர்ச்சிக்கு மட்டும் என்பதுபோல் ஒலிக்கிறது. நான் ஹார்மோனையே வைத்துக்கொள்கிறேன்.

பையன் கேட்ட ஊசியும் களிம்பும் இந்த நாளமில்லாச் சுரப்பியைத்தான் பிடிக்கின்றன. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, விரைக்கு இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது: லூட்டினைசிங் ஹார்மோன், ஃபாலிக்கிள் தூண்டும் ஹார்மோன். முதல் பெயரின் வேர் லத்தீனில் மஞ்சள் கரு! இரண்டாவது, சினைப்பையில் முட்டை வளரும் நுண்பையின் பெயர். ஆணின் உடம்பில் ஓடுபவற்றுக்கும் பெண்ணை வைத்தே பெயர். கருத்தடை என்ற சொல்லைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியை வைத்து விளக்கினேன். ஆபரேட்டர் தொட்டியின் அளவை மட்டும் பார்த்து மோட்டார் போடுகிறார். போர்வெல்லை ஒட்டிய பாத்தி, மோட்டார் ஓடும்போது வாயிலிருந்து கொட்டும் நீரில் விளைகிறது. லாரித் தண்ணீரை யாரோ தொட்டியில் நிரப்பிவிட்டால் ஆபரேட்டர் மோட்டாரை நிறுத்திவிடுவார். வீட்டுக் குழாய்களில் தண்ணீர் குறையாது, பாத்தி காய்ந்துபோகும். வெளியிலிருந்து செலுத்தும் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் லாரித் தண்ணீர், பிட்யூட்டரி ஆபரேட்டர், அதைச் சுரக்கும் விரை மோட்டார், ரத்தம் தொட்டி, விந்தணு விளையும் இடம் பாத்தி. விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டீரோன் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. அது வற்றியதும் விந்தணு ஆக்கம் நின்றுபோகிறது. ஆபரேட்டரை இன்னும் அழுத்தமாக உட்கார வைக்க, புரோஜெஸ்டின் என்ற செயற்கை ஹார்மோனையும் சேர்க்கிறார்கள். இது கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோனின் தங்கை. ஆக 'ஆண் ஹார்மோன் கருத்தடை' என்று எழுதினால் பிழை: அதில் இருப்பது ஆண் ஹார்மோன் மட்டும் இல்லை.

1990இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில் 271 ஆண்கள் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டுக்கொண்டார்கள். வாராவாரம் ஊசி யாருக்குக் கட்டுப்படியாகும்? பின்னர் எட்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு ஊசிகள் போடும் முறையை 320 ஆண்களிடம் சோதித்தார்கள். முடிவு 2016இல் வந்தது. ஏறத்தாழ 96 விழுக்காட்டினருக்கு 24 வாரத்துக்குள் விந்தணு ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் அல்லது அதற்கும் கீழே இறங்கியது. ஊசி பலித்தது. ஆனால் மனச்சோர்வு, மனநிலை மாற்றம், முகப்பரு, ஊசி போட்ட இடத்தில் வலி, காம விருப்பம் கூடுதல் என்று புகார்கள் வந்து, 2011இலேயே ஊசி போடுவதை நிறுத்தினார்கள். ஊசியை நிறுத்தி ஓராண்டு ஆகியும் சிலருக்கு எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பங்கேற்ற ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல், இது கிடைத்தால் பயன்படுத்துவோம் என்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். "மாத்திரை சாப்பிட்டால் எங்களுக்கும் தலை சுற்றும், மனசு சரியில்லாமல் போகும், உடம்பு போடும். யார் நிறுத்தினார்கள்?" என்றாள் தங்கை. அவள் கேட்டதற்கு அங்கிருந்த ஆண்கள் யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

களிம்பு என்று பையன் சொன்னது ஜெல். டெஸ்டோஸ்டீரோனும் நெஸ்டோரோன் என்ற புரோஜெஸ்டினும் கலந்ததைத் தினமும் இரு தோள்களிலும் பூசுவது. 2018 முதல் பல நாடுகளில் 400க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் சோதித்தார்கள். பூசிய தோளைக் குழந்தை தொட்டால் மருந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் மூட வேண்டும். மாத்திரைகளும் ஆய்வில் இருக்கின்றன. டெஸ்டோஸ்டீரோன் கலந்த எதிலும் ரத்தச் சிவப்பணு கூடி ரத்தம் கெட்டியாவது, நல்ல கொலஸ்டிரால் குறைவது, எடை ஏறுவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இவற்றுள் எதுவும் எந்த நாட்டிலும் விற்பனைக்கு ஒப்புதல் பெறவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் தசைக்காகப் போடும் ஊசியும் பாத்தியைக் காயவைக்கும்தான். அதைக் கருத்தடை என்று நம்பினால் பிள்ளை பிறந்துவிடலாம், அதைப் போட்டுக்கொண்டே பிள்ளை வேண்டினால் கிடைக்காமல் போகலாம்.

ஐ.ஐ.டி. கரக்பூரின் சுஜய் குஹா உருவாக்கிய ரிசக் ஊசியை இதோடு சேர்க்கக் கூடாது. அது விந்துக்குழாய்க்குள் போடுவது, ஹார்மோன் கிடையாது. செய்தித்தாள்கள் இரண்டையும் 'ஆண் கருத்தடை ஊசி' என்று ஒரே தலைப்பில் போட்டுவிடுகின்றன.

சரி, ஆண்பால் எது? விந்து, துளி என்று பொருள்படும் பிந்து என்ற வடசொல்லிலிருந்து வந்தது. விந்தணு அந்தத் துளிக்குள் நீந்துவது. ஆணிடம் தடுக்கப்படுவது கரு அல்ல, விந்தணு. அதனால் 'விந்தணுத் தடை' என்றேன். ஹார்மோன் வழியில் செய்தால் ஹார்மோன்வழி விந்தாக்கத் தடை. குழாயை அடைத்தால் விந்துக்குழாய்த் தடை. மூன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்த தங்கை, "இரண்டாவது பாடப்புத்தகத்துக்கு. முதலாவது போதும்" என்று கரும்பலகையில் 'ஆண்களுக்கான விந்தணுத் தடை' என்று எழுதினாள். பெரியவர் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"காய் என்று எங்கும் போடவில்லையே?" என்றார்.

"இல்லை, தாத்தா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பையனைப் பார்த்து, "நீ போய் அந்தப் படிவத்தை வாங்கு, எனக்கு வயதாகிவிட்டது" என்றார்.