கொண்டைக்கடலைப் பாஸ்தா ஏன் கூழாகிறது?

கோதுமைக்குப் பதிலாகக் கொண்டைக்கடலைப் பாஸ்தா வாங்கிச் சமைத்த ஒரு வாசகி கேட்கிறார்: “தண்ணீர் நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பாக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு மேல் இரண்டே நிமிடம் விட்டேன், கூழாகிவிட்டது. கோதுமையில் இப்படி ஆவதில்லையே?”

நுரை ஒரு தொல்லை, கூழ் இன்னொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: கடலையில் குளூட்டன் கிடையாது.

கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் இரண்டும் பின்னிக்கொண்டு வலையாகும். அந்த வலைதான் குளூட்டன். கண்ணால் பார்க்க வேண்டுமானால் 100 கிராம் மைதாவை 60 மில்லி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, உருண்டையை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள். பிறகு குழாயடியில் மெல்லக் கசக்கிக் கழுவுங்கள். மாவுச்சத்து பால்போல வழிந்து போகும். கடைசியில் 25, 30 கிராம் எடையில், பழுப்பு நிறத்தில், ரப்பர்போல இழுபடும் ஒரு கட்டி கையில் நிற்கும். இத்தாலியின் பொலோன்யாவைச் சேர்ந்த யாக்கோபோ பெக்காரி இப்படிக் கழுவிப் பிரித்துத்தான் குளூட்டனை உலகுக்குக் காட்டினார். அந்தக் கட்டுரை 1745-இல் அச்சேறியது. கடலை மாவு உருண்டையை இதே மாதிரி கழுவிப் பாருங்கள். கரைந்துகொண்டே போய்க் கை வெறுமையாகிவிடும்.

கோதுமைப் பாஸ்தா கொதிநீரில் விழுந்ததும் மாவுச்சத்து மணிகள் தண்ணீர் குடித்து உப்புகின்றன. அதே வேளையில் குளூட்டன் வலை சூட்டில் இறுகி, உப்பும் மணிகளை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. கடலையில் புரதம் ஏறத்தாழ 20 சதவீதம், கோதுமையைவிட அதிகம். ஆனால் அதில் பெரும்பகுதி லெகுமின், விசிலின் என்னும் உருண்டை வடிவப் புரதங்கள். எவ்வளவு பிசைந்தாலும் அவை கைகோத்து நீளாது. புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதால் நூல் நிற்பதில்லை, அது எப்படிப் பின்னுகிறது என்பதால்தான் நிற்கிறது.

அப்படியானால் கடலைப் பாஸ்தா நூலாக நிற்பதே எப்படி? விடை மாவுச்சத்தில் இருக்கிறது, அதுவும் நம் சேவை நாழிக்குள்ளேயே இருக்கிறது.

சேவை பிழிபவர்களுக்குத் தெரியும்: வெந்த உருண்டையைச் சூட்டோடு பிழிந்துவிட வேண்டும். ஆறினால் நாழி இறங்காது. பிழிந்த இழைகளோ, சூடாக இருக்கும்வரை ஒட்டும். ஆறியதும் உதிரி உதிரியாகப் பிரியும். இந்த இரண்டுக்கும் காரணம் அமைலோஸ்.

மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. அமைலோபெக்டின் மரம்போலக் கிளை விட்டது. அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீள நூல். வேகும்போது மணி உப்பி, அமைலோஸ் நூல்கள் வெளியே கசிந்து தண்ணீரில் தாறுமாறாக மிதக்கும். சூடு இறங்க இறங்க இரண்டு நூல்கள் ஒன்றையொன்று கயிறு திரிப்பதுபோல முறுக்கிக்கொள்கின்றன. அந்த முறுக்குகள் பக்கம் பக்கமாக அடுக்கிச் சிறு படிகங்களாகின்றன. ஒரே நூல் ஒரு படிகத்தில் பாதியும் அடுத்த படிகத்தில் பாதியுமாக மாட்டிக்கொள்வதால் எல்லாம் சேர்ந்து ஒரு வலையாகிவிடுகிறது. புரதம் இல்லாமலே ஒரு வலை!

அதைவிட அழகு, இந்த வலையைத் திரும்பச் சூடாக்கும்போது நடப்பது. அமைலோபெக்டினும் ஆறினால் படிகமாகும். ஆனால் 50, 60 டிகிரி செல்சியஸிலேயே அது இளகிவிடும். ஆறி விறைத்த இட்லி ஆவி காட்டியதும் மெத்தென்று ஆவது அதனால்தான். அமைலோஸ் படிகம் உருக 120 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரணப் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஒருமுறை வெந்து, ஆறி, பின்னிக்கொண்ட அமைலோஸ் வலையை உங்கள் அடுப்பால் முழுதாக அவிழ்க்க முடியாது. புழுங்கல் அரிசிச் சோறு பச்சரிசிச் சோற்றைவிடக் குழையாமல் நிற்பதிலும் இதன் பங்கு பெரிது: நெல்லாக இருந்தபோதே அது ஒருமுறை வெந்து ஆறிவிட்டது.

கடலை மாவுச்சத்தில் அமைலோஸ் ஏறத்தாழ 30 சதவீதம். கோதுமையில் 25 அளவில். ஆகவே கடலை இந்த வேலைக்குத் தோதான மாவு. ஆலைகளில் மாவையோ, அச்சில் வரும் நூலையோ நீராவியிலோ அழுத்தத்திலோ ஓரளவு வேகவைத்து, ஆறவிட்டு, மெதுவாக உலர்த்தினால் அமைலோஸ் வலை பாக்கெட்டுக்குள் வரும்போதே தயாராக இருக்கும். இன்னொரு வழி, வெளியிலிருந்து பசை சேர்ப்பது. அமெரிக்காவின் பான்சா பாஸ்தாவில் கொண்டைக்கடலையோடு பட்டாணி மாவுச்சத்து, மரவள்ளி மாவு, சாந்தன் கோந்து ஆகியவை உண்டு. இத்தாலிய நிறுவனமான பாரில்லா தன் கொண்டைக்கடலைப் பாஸ்தாவைக் கடலை மாவு ஒன்றை மட்டுமே வைத்துச் செய்கிறது. பொருள் பட்டியல் சிறியதாக இருந்தால் அடுப்பில் கவனம் கூடுதலாக வேண்டும்.

இந்த வலை குளூட்டன் அளவுக்கு நெருக்கமானதல்ல. நார்த்துகள்களும் ஏறத்தாழ 6 சதவீதக் கொழுப்பும் இடையிடையே அதை அறுக்கின்றன. நேரம் கூடினால் மணிகள் உப்பிக்கொண்டே போய் வலையைக் கிழித்துவிடும். வாசகியின் கூழ் அதுதான். கோதுமையில் வலைக்குள் சிக்கியிருக்கும் புரதம் கடலையில் தண்ணீருக்கு வந்துவிடுகிறது. அதோடு சப்போனின் என்னும், சோப்புபோல நுரைக்கும் பொருளும் வருகிறது. இரண்டும் குமிழிகளைப் போர்த்தி உடையாமல் காக்கின்றன. கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை முட்டை வெள்ளைக்கருபோல அடித்து நுரைக்க முடியும் என்று 2014-இல் பிரான்சின் ஜோயல் ரோசெல் காட்டினார். உங்கள் அடுப்பில் வழிந்ததும் அதே நுரைதான்.

இனி அடுப்படி. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே போடுங்கள்; முதல் ஒரு நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள், மேற்பரப்பு பசையாக இருப்பது அப்போதுதான். நுரை ஏறியதும் தீயைக் குறைத்து, கரண்டியால் நுரையை வழித்தெடுங்கள். அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டால் குமிழிகளின் போர்வை கிழிந்து நுரை அடங்கும். சோடா உப்பு சேர்க்கவே கூடாது. கடலை சீக்கிரம் வேகப் போடும் அதே பொருள் இங்கே நூலைக் கரைத்துவிடும்.

பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஒரு துண்டை எடுத்து இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்பு வெள்ளையாய் ஒரு கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் வேகவில்லை. தரச் சோதனைக் கூடங்களிலும் இப்படித்தான் பார்க்கிறார்கள். முன்பே வேகவைத்த மாவில் செய்ததில் கோடு மங்கலாக இருக்கும். அங்கே பல்லை நம்புங்கள். கோடு மறையும் தறுவாயில் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். கோதுமைப் பாஸ்தாவை அலசக் கூடாது என்பார்கள், குழம்பு ஒட்டாது என்று. இங்கே அலசினால்தான் நுரைவாடை போகும், வேகலும் நிற்கும். வடித்த தண்ணீரைக் குழம்பில் சேர்க்காமல் கொட்டிவிடுங்கள்; வயிற்றில் வாயு உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போகும். சாஸில் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள், கடைசியில் புரட்டி இறக்கினால் போதும். மெல்லிய நீள நூலைவிட முறுக்கு வடிவமும் குழல் வடிவமும் உடையாமல் நிற்கும்.

வீட்டிலேயே செய்ய முறுக்கு அச்சு போதும். கடலை மாவு 200 கிராம், மரவள்ளி மாவு 40 கிராம், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டு (120 மில்லிக்குள் அடங்கும்) கெட்டியாகப் பிசைந்து, இட்லித் தட்டில் பிழிந்து, 12 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். அப்போதே எடுத்தால் உடையும். நன்றாக ஆறவிட்டு, மூடி, இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வலை பின்னுவது அந்த நேரத்தில்தான். மறுநாள் சூடான சாஸில் ஒரு நிமிடம் புரட்டினால் போதும்.

சத்துக் கணக்கில் மிகை வேண்டாம். 56 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலைப் பாஸ்தாவில் சுமார் 11 கிராம் புரதம், 5 கிராம் நார். கோதுமையில் 7 கிராம் புரதம், 3 கிராம் நார். கலோரி ஏறத்தாழ சமம். புரத வித்தியாசம் ஒரு முட்டையைவிடக் குறைவு. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், கடலையில் லைசின் அதிகம், மெத்தியோனின் குறைவு, கோதுமையில் நேர்மாறு. குளூட்டன் ஒத்துக்கொள்பவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிடுவதே நல்லது. குளூட்டன் எல்லோருக்கும் நஞ்சு என்று பரப்பப்படுவது மூடநம்பிக்கை, அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இந்தியாதான் உலகிலேயே அதிகம் கொண்டைக்கடலை விளைவிக்கும் நாடு. ஹைதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் 3,366 கொண்டைக்கடலை வகைகளின் மரபணுத்தொகுதி படிக்கப்பட்டு 2021-இல் வெளியானது. மகசூலுக்கும் வறட்சி தாங்கவும் நடக்கும் இந்த ஆய்வோடு, எந்த ரகத்தில் அமைலோஸ் எவ்வளவு, எந்த மாவு நூலாக நிற்கும் என்று ரகவாரியாக அளந்து சொல்லும் வேலைக்கும் அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். விளைவிப்பவருக்கு விலை கிடைப்பது மாவின் குணம் தெரிந்தால்தான்.

குளூட்டன் குடலைப் புண்ணாக்கும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் குளூட்டனைத் தவிர்ப்பது விருப்பமல்ல, மருந்து. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, 1944–45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்நோயுள்ள பிள்ளைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் அவர்கள் மீண்டும் நலிந்ததையும் கவனித்துக் கோதுமையைக் காரணமாகக் கண்டார். இந்நோயாளிகளுக்கான ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்தியாவிலும் விதி. கோதுமை அரைத்த மில்லிலேயே கடலையையும் அரைத்தால் அந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும். அவர்கள் பாக்கெட்டில் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். பாஸ்தாவுக்குத் தாளிக்கும்போது பெருங்காயத்தூள் டப்பாவையும் திருப்பிப் படியுங்கள்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் சேர்ப்பது கோதுமை மாவுதான்.